மனச்சிதைவு, சர்க்கரை இரண்டும் உள்ள நோயாளியை வார்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு தாலுகா மருத்துவமனை மெடிக்கல் வார்டின் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளிக்கு 48 வயது. பல வருடங்களாக மனச்சிதைவு நோய்க்கு இரவில் ஓலான்சபின் 20 மி.கி., கூடவே மனநோய் மருந்துகளால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில். இப்போது சுகர் 380-ல் வந்து அட்மிட் ஆகியிருக்கிறார். காலை, இரவு 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) தொடங்கியாயிற்று. சில நாள் ஊசி போடவிடுகிறார், சில நாள் கையைத் தட்டிவிடுகிறார். மெடிக்கல் டாக்டர் "இது சைக்கியாட்ரி கேஸ்" என்கிறார். சைக்கியாட்ரியில் "முதலில் சுகர் இறங்கட்டும்" என்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள 70 வயதைத் தாண்டிய அம்மா மட்டும். "எந்த நோயை முதலில் பார்ப்பது?" என்று எழுதியிருந்தாலும், உண்மையில் கேட்பது வேறு: இரண்டு டாக்டர்கள் இரண்டு நோயைத் தனித்தனியாகப் பார்க்கும்போது, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தை யார் கவனிப்பது? அந்த இரண்டு மருந்துச்சீட்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பது நர்ஸ் ஒருவர்தான். அதனால் அந்த இடங்கள் எவை என்று சொல்கிறேன். டோஸ் எவ்வளவு, எந்த மருந்தை மாற்றுவது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. அது நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்கலாம். இன்சுலினில் இருக்கும் மனநோயாளியின் நடத்தை திடீரென்று மாறினால், கைக்கு முதலில் வரவேண்டியது குளுக்கோமீட்டர்; மனநோய்க் கொந்தளிப்பை அடக்கும் ஹாலோபெரிடால் ஆம்பியூல் அதற்குப் பிறகுதான். திடீர்க் கோபம், உளறல், கட்டிலைவிட்டு இறங்கி ஓடப்பார்ப்பது, வியர்த்துக் கொட்டுவது எல்லாம் தாழ்சர்க்கரையாகவும் இருக்கலாம். மனநோய் என்று ஏற்கெனவே ஒரு பெயர் ஒட்டியிருப்பதால் அத்தனையும் அந்தக் கணக்கிலேயே எழுதப்படும். இந்த நோயாளிகளுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம் இது. 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுத்து, டாக்டருக்குச் சொல்லுங்கள். ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், டெக்ஸ்ட்ரோஸ் நரம்பு வழியாகத்தான். கை நடுக்கத்துக்காகவோ, உட்காரவிடாத பரபரப்புக்காகவோ புரோப்ரனோலால் வாங்குபவராக இருந்தால் தாழ்சர்க்கரையின் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாது. வியர்வை மட்டும் தெரியும். ஆகவே நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு இருந்தால் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும்; ஓலான்சபினும் அதே வகை மருந்தான க்ளோசபினும் வாங்குபவர்களுக்குச் சில நேரம் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ்தான் சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாகவே வரும். காய்ச்சலோடு குழப்பமும் உடம்பு முழுக்க விறைப்பும் சேர்ந்திருந்தால் ஆன்டிசைக்கோடிக் மருந்தின் ஆபத்தான விளைவான நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், நாள் கிழமை தெரியவில்லை, பூச்சி ஊர்வதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது பழைய மனநோய் முற்றியது என்பதைவிட, உடல்நோயாலோ மருந்தாலோ திடீரென்று வரும் மனக்குழப்பமான டெலிரியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மனச்சிதைவில் பெரும்பாலும் காதில் குரல் கேட்கும்; ஆனால் தான் எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்பது தெரியும். இன்னொன்று, மனச்சிதைவு உள்ளவர்கள் வலியைக் குறைவாகச் சொல்வார்கள். நெஞ்சுவலியோ குடல்வாலோ காலில் சீழோ, புகார் வராது. "வலி இல்லை என்றார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு முன் வயிற்றை அமுக்கிப் பாருங்கள், சாக்ஸைக் கழற்றி விரலிடுக்கைப் பாருங்கள்.

அடுத்து, சுகர் ஏன் ஏறியது என்பது. ஆன்டிசைக்கோடிக் மருந்துகளில் எடையையும் சர்க்கரையையும் அதிகம் ஏற்றுபவை ஓலான்சபினும் க்ளோசபினும். குவெடியபினும் ரிஸ்பெரிடோனும் நடுத்தரம். அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால் குறைவு. இதில் விவாதம் கிடையாது. பசி தாங்காது, சாப்பிட்டாலும் நிறைந்த உணர்வு வராது, இன்சுலின் எதிர்ப்பும் கூடும். இதோடு ஒரு சங்கிலி இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை. டிரைஹெக்ஸிஃபெனிடில் வாயை உலர வைக்கும். வாய் உலர்ந்தவர் தண்ணீரோடு நிற்பதில்லை, கூல்டிரிங்ஸும் சர்க்கரை டீயும் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போகும். "சாப்பாட்டில் கட்டுப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன குடிச்சீங்க?" என்று கேளுங்கள், உண்மை வரும். டிரைஹெக்ஸிஃபெனிடில் இன்னும் தேவைதானா என்று சைக்கியாட்ரிஸ்டைக் கேட்பதும் நியாயமான கேள்வி. விறைப்பும் நடுக்கமும் ஓலான்சபினில் குறைவாகவே வரும். பழைய மருந்தின் காலத்தில் தொடங்கிய மாத்திரை, மருந்து மாறிய பிறகும் அட்டையில் நின்றுவிடுவது சாதாரணம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பவருக்குச் சுகர் சரியாகவே இருந்தால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். சிலர் மனநோயின் பகுதியாகவே குடம் குடமாகக் குடிப்பார்கள். சோடியம் அதிகம் இறங்கினால் வலிப்பு வரலாம்.

எடை, இடுப்பளவு, பி.பி., வெறும் வயிற்றுச் சுகர், கொழுப்பு ஆகியவற்றை இந்த மருந்துகளைத் தொடங்கும் அன்றே குறித்துவைக்க வேண்டும். எடையை 4, 8, 12-வது வாரங்களிலும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், சுகர், பி.பி., கொழுப்பை 12-வது வாரத்திலும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பார்ப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணை. ஏற்கெனவே சர்க்கரை வந்துவிட்ட இவருக்கு இது போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு எச்பிஏ1சி (கடந்த சுமார் மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) வேண்டும். நம் ஊர் உடல்வாகுக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கணக்கு, பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை தொடங்குகிறது. டேப்பை வேட்டி, கைலிக்கு மேல் வைத்து அளக்காதீர்கள். பி.பி.யை உட்கார வைத்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள். ஆன்டிசைக்கோடிக்கோடு பி.பி. மாத்திரையும் சேரும்போது மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழுவார்.

அப்படியானால் ஓலான்சபினை மாற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் உறுதியான பதில் கிடையாது. மாற்றினால் எடையும் சுகரும் குறையக்கூடும். நோய் திரும்பும் அபாயமும் உண்டு. பல மருந்துகளைப் பார்த்துவிட்டு இதில்தான் நிலைத்தார் என்றால் சைக்கியாட்ரிஸ்ட் கை வைக்கத் தயங்குவார். அது சோம்பேறித்தனம் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: மெடிக்கல் வார்டில் யாராவது "சுகர் ஏறுதே" என்று ஒரே நாளில் நிறுத்துவது தவறு. நோய் திரும்பினால் சாப்பாடு, தூக்கம், ஊசி எல்லாமே கலைந்து, சுகர் முன்னைவிட மோசமாகும். மெட்ஃபார்மின் சேர்ப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்த மருந்துகளால் ஏறும் எடையையும் அது ஓரளவு குறைக்கும். 500 மி.கி.யில் சாப்பாட்டோடு தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரம் வரும் வயிற்றுப்போக்கு பற்றி முன்கூட்டியே சொல்லாவிட்டால், "மருந்தில் ஏதோ கலந்துட்டாங்க" என்று சந்தேகப்படும் நோயாளி அதோடு எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார். எச்பிஏ1சி இலக்கு 7-ஆ 8-ஆ என்பதும் ஆளைப் பொறுத்தது. எப்போது சாப்பிடுவார் என்று சொல்ல முடியாதவருக்கு 7-க்குக் கீழே துரத்துவது தாழ்சர்க்கரையை வீட்டுக்குக் கூப்பிடுவது என்பது என் கருத்து, முடிவு டாக்டருடையது.

இன்சுலினில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம், ஏனென்றால் ஆபத்து அதிகம் இங்கேதான். 30/70 இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. ஆனால் ஓலான்சபின் 20 மி.கி.யை ராத்திரி 10 மணிக்குப் போட்டவர் காலை 9 மணி வரை தூங்குவார். நீங்கள் டியூட்டி முடிவதற்குள் 7 மணிக்கு ஊசியைப் போட்டுவிட்டால், இட்லி தட்டில் ஆறிக்கொண்டிருக்கும், சுகர் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் எழுந்து, வாய் கொப்பளித்து, சாப்பாடு வார்டுக்கு வந்ததைப் பார்த்த பிறகு ஊசி. ஓலான்சபினை ராத்திரி 8 மணிக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். சாப்பாடு நேரம் எந்த விதத்திலும் ஒழுங்குக்கு வராதவர் என்றால், ஒரு நாளைக்கு ஒரு முறை போட்டால் நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் பேஸல் இன்சுலின் ஒத்துவருமா என்றும் கேட்கலாம். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, ஒரே சீரான வெள்ளை நிறம் வந்த பிறகு எடுங்கள். நம் அரசு மருத்துவமனை வயல் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு. 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் 50 யூனிட் போய்விடும். டிஸ்சார்ஜுக்குப் பின் அம்மா மெடிக்கல் ஷாப்பில் எதை வாங்குகிறார் என்பதில் உயிர் இருக்கிறது. வயலையும் சிரிஞ்சையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி அனுப்புங்கள்.

ஊசியை மறுப்பதற்கு ஒரே காரணம் இருக்காது. ஊசி பயம் ஒன்று. விஷம் ஏற்றுகிறார்கள் என்ற நம்பிக்கை ஒன்று. வெறும் தூக்கக் கலக்கம் ஒன்று. போன முறை போட்ட பிறகு வேர்த்து மயங்கியது நினைவிருப்பது இன்னொன்று. அது மனநோயே கிடையாது, நல்ல அறிவு. "எதுக்கு வேண்டாம்ங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விஷம் என்றால், இல்லவே இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம், "உங்களுக்கு அப்படித் தோணுது, பயமா இருக்கும். இதுதான் பாட்டில், உங்க முன்னாடியே எடுக்கறேன், வயித்துலயா தொடையிலயா நீங்களே சொல்லுங்க" என்பது பெரும்பாலும் வேலை செய்யும். முடிந்தவரை ஒரே சிஸ்டர் போடுவது நல்லது. மறுத்தால் இருபது நிமிடம் கழித்து மறுபடி வாருங்கள். ஆனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகு அந்த டோஸை அப்படியே போடக் கூடாது; சுகர் பார்த்து டாக்டரைக் கேளுங்கள். மறுப்பையும் அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "நான்-கோஆப்பரேட்டிவ்" (ஒத்துழைக்கவில்லை) என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு அதில் எதுவும் இல்லை.

பீடி, சிகரெட் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. புகையில் இருக்கும் பொருள்கள் கல்லீரல் நொதி ஒன்றைத் தூண்டி, ஓலான்சபினையும் க்ளோசபினையும் வேகமாக வெளியேற்றுகின்றன. தினம் ஒரு கட்டு பீடி குடித்தவர் வார்டில் குடிக்க முடியாமல் ஒரு வாரம் இருந்தால் அதே டோஸில் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். க்ளோசபினில் இது ஒன்றரை மடங்கைக்கூடத் தாண்டலாம்: அதிகத் தூக்கம், எச்சில் வடிதல், வலிப்பு. வீட்டுக்குப் போய் மறுபடி பற்றவைத்ததும் அளவு இறங்கி, குரல்கள் திரும்பும். காரணம் நிகோடின் இல்லை, புகைதான்; ஆகவே நிகோடின் சூயிங்கம் கொடுத்தாலும் இந்த ஏற்றம் நடக்கும். அட்மிஷன் அன்று "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று எண்ணிக்கையாகக் கேட்டு எழுதி, மனநல மருத்துவருக்குத் தெரிவிப்பது நம் வேலை.

உங்கள் நோயாளிக்கு இல்லாவிட்டாலும் இதே வார்டுக்கு அடுத்து வரப்போகிறவர்களுக்காகச் சில. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் வாங்குபவருக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், தயசைட், எனலாப்ரில், லோசார்டன் எல்லாமே லித்தியம் அளவை ஏற்றும், பி.பி.க்காக உப்பைத் திடீரென்று குறைத்தாலும் ஏறும், வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து போனாலும் ஏறும். கை பெரிதாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல் தெரிந்தால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லி லித்தியம் அளவு பாருங்கள்; வழக்கமான பரிசோதனைக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தம்தான் கணக்கு. க்ளோசபின் வாங்குபவரிடம் தினமும் மலம் போனதா என்று கேட்க வேண்டும். கூச்சமான கேள்விதான், ஆனால் க்ளோசபினில் குடல் அசைவு நின்று இறந்தவர்கள் உண்டு. வெள்ளையணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்கும் இடங்களில்கூட இதைக் கேட்காமல் விடுகிறார்கள். ஹாலோபெரிடாலோடு அசித்ரோமைசினும் வாந்தி மருந்தான ஒண்டான்செட்ரானும் ஒரே நாளில் ஏறினால் இ.சி.ஜி. எடுத்து க்யூடி (நீண்டால் இதயத்துடிப்பு ஆபத்தாகத் தடுமாறக்கூடிய ஓர் இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். டி.பி. மருந்து தொடங்கினால் ரிஃபாம்பிசின் பல ஆன்டிசைக்கோடிக்குகளின் அளவைக் குறைத்துவிடும். ஐசோநயசிட் தானே மனக்குழப்பத்தை உண்டாக்கவும் கூடும்.

இதையெல்லாம் ஒரே நர்ஸ் இழுத்துப் பிடித்தால் பலன் உண்டா? மனச்சோர்வும் சர்க்கரையும் சேர்ந்தவர்களில் உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். 2010-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 214 பேரிடம் நடந்த ஆய்வில், நர்ஸ் ஒருவர் மனச்சோர்வு, சுகர், பி.பி., கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்து, வாரம் ஒரு முறை டாக்டர்களோடு பேசி மருந்தைச் சரிசெய்ய வைத்தார்; எல்லா அளவும் வழக்கமான சிகிச்சையைவிட மேம்பட்டன. சென்னை உட்பட இந்தியாவின் நான்கு இடங்களில் 404 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வும் அதே திசையில்தான் நிற்கிறது. மனச்சிதைவில் அந்த அளவு தெளிவு இல்லை. உணவு, உடற்பயிற்சித் திட்டத்தால் 18 மாதத்தில் சராசரி 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்ததாக 2013-ன் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் எடையில் வித்தியாசமே இல்லை. முதலாவதில் 18 மாதமும் அடிக்கடி நேரில் சந்தித்து, ஒன்றாகவே உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். இரண்டாவதில் சில வாரக் குழு வகுப்புக்குப் பின் தொடர்பு மிகக் குறைவு. டயட் சீட்டு அச்சடித்துக் கையில் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைக் குறைவாகச் சொல்லுங்கள். மாத்திரையைத் தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது பல வீடுகளில் நடக்கிறது; திட்டாமல் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். ஊசி போடும் வீட்டில் அது இரட்டை ஆபத்து: ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சோற்றைத் தொடமாட்டார், காலையில் போட்ட இன்சுலின் உள்ளே இருக்கும். வாயில் கரையும் ஓலான்சபின் மாத்திரை, அல்லது மாதாமாதம் போடும் டெப்போ ஊசி ஒத்துவருமா என்று கேட்பது மேல். சாப்பிடாத நாளில் 30/70 ஊசி போடாமல் சுகர் பார்த்து மருத்துவமனைக்குப் பேச வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால், வயலைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ளே போகாதபடி மண்பானையில் வைக்கலாம். திறந்த வயல் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். இன்சுலினும் மாத்திரைக் கட்டும் அம்மாவின் பொறுப்பில் இருக்கட்டும். டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளியிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. இருந்தால் அன்றே சைக்கியாட்ரிஸ்ட் பார்க்காமல் அனுப்பக் கூடாது. வீட்டுக்குப் போன பிறகு மனநலம் சம்பந்தமாகப் பேச, அரசின் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸ் 14416 எண்ணை அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

வார்டில் "இது எங்க கேஸ் இல்லை" என்று தட்டிக்கழித்தால், 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 21-வது பிரிவு, மனநோய் உள்ளவருக்கு எல்லா மருத்துவச் சேவையிலும் மற்ற நோயாளிகளுக்குச் சமமான சிகிச்சை தர வேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் அமைதியாக நினைவூட்டலாம். அதைவிட வேகமாக வேலை செய்வது ஒரு பக்கக் கடிதம். சுகர் மாத்திரை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வரும், மனநோய் மாத்திரைக்குப் பெரும்பாலும் தனியாக வேறு இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு இடத்திலும் காட்ட ஒரே காகிதம் இருக்கட்டும். அதில் எல்லா மருந்தும் டோஸும் நேரமும், இன்றைய எடை, இடுப்பளவு, எச்பிஏ1சி, கிரியேட்டினின், இன்சுலின் வயலின் யூனிட், ஒரு நாளைக்கு எத்தனை பீடி, ஊசியை எப்போது மறுக்கிறார், என்ன சொன்னால் சம்மதிக்கிறார், அடுத்த எடை எந்தத் தேதியில், அதை யார் பார்ப்பது. ஒரு நகல் அம்மாவிடம், இன்னொன்று மெடிக்கல் ஓ.பி. நோட்டுக்குள், மூன்றாவது மனநல கிளினிக்குக்கு.